முப்பது ரூபாய் வேலைக்கு ஒரு மனு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பியைக் குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றாள். எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகள் காவலராக இருந்தவரின் மகள். அவர் கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்த ஆயிரக்கணக்கான நம் தமிழர்களில் ஒருவர். அதன் பிறகு மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் வந்து, இரவு ரயிலில் திரும்பிப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மூச்சிரைப்பு அதிகமாகி வேலையை விட்டுவிட்டார். அந்தப் பெண் சுரங்கம் மூடிய வருஷத்தில் பிறந்தவள்.

"அங்கிள், அறுபது இடத்துக்கு அனுப்பிட்டேன். ஒரு இடத்திலயும் கூப்பிடலை. அப்பாதான் உங்ககிட்ட ஒரு தடவை காட்டச் சொன்னாங்க" என்று ஃபைலை நீட்டினாள்.

உள்ளே மூன்று பக்கம். இந்தக் காலத்தில் அதற்கு ரெஸ்யூமே என்று பெயர். எங்கள் காலத்தில் பயோ-டேட்டா. அதற்கும் முன்னால் வெறும் மனு. முதல் பத்தியில் "சவால் நிறைந்த ஒரு பணியில் சேர்ந்து என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உதவுவதே என் லட்சியம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் நான்கு வரி. பிறகு தகப்பனார் பெயர், மதம், திருமணமாகாதவர் என்ற தகவல், கடின உழைப்பாளி என்ற நற்சான்று, பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு என்ற செய்தி. கடைசியில் "மேற்கூறியவை யாவும் உண்மை" என்ற உறுதிமொழி. மெக்கானிக்கல் டிப்ளமா 2020 இல் முடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் வெற்றிடம்.

"இந்த மூணு வருஷம் என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை அங்கிள். அப்பாவைப் பார்த்துக்கிட்டேன். சாயந்திரத்துல ஒரு ஹார்டுவேர் கடையில கணக்கு எழுதினேன். அதெல்லாம் போட முடியாதில்ல?"

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நம் சங்கத்துக் குடும்பங்களில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் அல்ல. தண்டவாளத்தோடு முப்பத்தேழு வருஷம் வாழ்ந்த டிப்ளமாக்காரன்.

ஒரு குமாஸ்தா வேலைக்கு வந்த மனு

வேலைக்கு மனு எழுதுவது என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டதால் கல்லூரி உதவித்தொகை போயிற்று. கும்பகோணத்திலும் தேறவில்லை, பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை. 1909 இல் திருமணமாயிற்று. இனி சம்பாதித்தாக வேண்டும். பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் கணித நோட்டுப் புத்தகங்கள் மட்டும் இருந்தன. நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனால் பிறர் தயவில் நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை.

1912 பிப்ரவரி 9 அன்று திருவல்லிக்கேணி முகவரியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு மனு அனுப்பினார். ஒரு சிறிய கடிதம்தான். அதை வரிக்கு வரி தராமல் அதன் கட்டுமானத்தை மட்டும் சொல்கிறேன். பொறியாளன் பார்வையில் அதுதான் முக்கியம்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறார். எந்த வேலை என்பது முதல் வரியிலேயே தெளிவாகிவிடுகிறது. அடுத்து, மெட்ரிகுலேஷன் தேறியவன், எஃப்.ஏ. வரை படித்தவன் என்கிறார். தேறினேன் என்ற சொல் முன்னதற்கு, படித்தேன் என்ற சொல் பின்னதற்கு. இரண்டும் உண்மை. பிறகு, சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்று ஒரே வாக்கியம். யார் மேலும் குறை சொல்லவில்லை, வறுமையைச் சொல்லி இரங்க வைக்கவும் முயலவில்லை. அடுத்த வரியில், இடைப்பட்ட காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டேன் என்கிறார். கடைசியாக, இந்த வேலையைச் சரிவரச் செய்வேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு என்று முடிக்கிறார். கூடவே சென்னை மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதம் இணைப்பு.

1912 மார்ச் முதல் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

துறைமுகக் கணக்குப் பிரிவில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், எங்கள் ஜாதி, அதாவது ரயில்வே பொறியாளர்! ஆற்று வெள்ளம் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஓடாமல், பாலத்தின் கண்கள் வழியாகவே ஒழுங்காகப் போகும்படி இரு பக்கமும் வழிகாட்டும் கரைகள் கட்டும் முறையைப் பற்றி 1903 இல் நூல் எழுதியவர். பாலப் பொறியியல் படிக்கிறவர்களுக்கு இன்றும் அவர் பெயர் தெரிந்திருக்கும். இந்த இருவரும் ராமானுஜனுக்குத் துணையாக நின்றார்கள். அந்த மனு அவருக்குச் சோறு மட்டும் போடவில்லை, சரியான மனிதர்கள் இருக்கும் கட்டடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதே ஆள், வேறு கடிதம்

பதினோரு மாதம் கழித்து, 1913 ஜனவரி 16 அன்று, அதே ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். அதுவும் ஒரு மனுதான். ஆனால் முற்றிலும் வேறு மாதிரி. தான் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் ஒளிக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, தான் கண்டுபிடித்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். ஹார்டி அவற்றைச் சக பேராசிரியர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பார்த்தார், வியந்தார். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார். 1918 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

கணக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தேற்றம்கூட இல்லை. ஹார்டிக்கு எழுதியதில் தேற்றங்கள்தான் கடிதமே. எழுதியவர் ஒருவரே. படிப்பவர் வேறு, அவருக்கு வேண்டியது வேறு. ஒரே ரெஸ்யூமேயை அறுபது இடத்துக்கு அனுப்பும் நம் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தமக்கு ஏறத்தாழ 23 வயது என்று எழுதியிருக்கிறார் ராமானுஜன். அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது. மேதைகளுக்கு மன்னிப்பு உண்டு. நமக்கு இல்லை. பிறந்த தேதியில் விளையாடாதீர்கள்.

இத்தாலியில் லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய வேலைக் கடிதமும் பேர்பெற்றது. எண்ணிட்டு வரிசையாகத் தமக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறார். முதலில் வருவது எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய இலேசான, உறுதியான பாலங்கள். பிறகு முற்றுகை, பீரங்கி, போர் வண்டி. ஓவியம் வரையவும் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. ஏன்? லுடோவிக்கோவுக்கு அன்றைக்குக் கவலை யுத்தம். பின்னாளில் அதே லுடோவிக்கோவுக்காகத்தான் 'கடைசி விருந்து' ஓவியத்தை வரைந்தார் என்பது வேறு கதை.

நான் வாங்கிய அடி

இவ்வளவு சொல்கிற நான் ஏதோ கரை கண்டவன் என்று எண்ணிவிடாதீர்கள். 1983 இல் ரயில்வேக்கு மனுப் போட்டபோது மாதிரிப் படிவம் செய்தித்தாளில் வரும். அதைப் பார்த்து ஃபுல்ஸ்கேப் தாளில் கையால் எழுத வேண்டும். போஸ்டல் ஆர்டர் வாங்க வேண்டும். சான்றிதழ் நகலை டைப் அடித்து, கெஜட்டட் அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் பூஜையில் இருந்தால் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வேறொரு வேலைக்கு எழுதியபோது நண்பனின் மனுவைப் பார்த்து அப்படியே காப்பியடித்தேன். அவன் பொழுதுபோக்கு "நூல்கள் வாசித்தல்". எனக்கும் அதுவே ஆயிற்று. நேர்முகத் தேர்வில் ஒரு பெரியவர் அன்பாகக் கேட்டார், "கடைசியா என்ன புஸ்தகம் படிச்சீங்க தம்பி?" என்று. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த வேலை கிடைக்கவில்லை.

2020 இல் ஓய்வு பெற்றேன். ஒரு வருடம் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. ரயில் பாதைப் பணிகளுக்கு ஆலோசகர் வேண்டும் என்ற விளம்பரம் பார்த்து ஐந்து பக்கத்தில் பயோ-டேட்டா தயாரித்து அனுப்பினேன். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒவ்வொரு இடமாற்றமும், ஒவ்வொரு பதவிப் பெயரும் தேதியோடு அதில் இருந்தன. பதிலே வரவில்லை. மூன்று வாரம் கழித்து நேரில் போனேன். என் மகள் வயதுள்ள ஓர் அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துச் சொன்னார்: "சார், நீங்க எங்கெங்க இருந்தீங்கன்னு இதுல தெரியுது. என்ன செஞ்சீங்கன்னு தெரியலையே."

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. ஜோலார்பேட்டை – பெங்களூர் பாதையில் ஒரு பகுதியில் 11 கிலோமீட்டருக்குப் பழைய ஸ்லீப்பர்களை மாற்றிக் கான்கிரீட் ஸ்லீப்பர் போட்டு, ரயில் போக்குவரத்தை நிறுத்தாமல், வேகக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுத்தோம். மழைக்காலத்தில் ஒரு மண்சரிவுக்குப் பின் இரவோடு இரவாகப் பாதையைத் திறந்தோம். நாற்பது பேர் கொண்ட கேங்கில் என் பொறுப்பில் ஒரு உயிர்ச்சேதமும் நடக்கவில்லை. இவற்றில் ஒன்றுகூட அந்த ஐந்து பக்கத்தில் இல்லை. "சீனியர் செக்‌ஷன் என்ஜினியர், பங்காரப்பேட்டை" என்று மட்டும் இருந்தது. மாற்றி எழுதினேன், ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. வேறோர் இடத்தில் இரண்டு வருடம் பகுதிநேரமாக வேலை பார்த்தேன்.

எழுத வேண்டியவை, விட வேண்டியவை

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

முதலாவது, ஒரு பக்கம் போதும். புதிதாகப் படித்து முடித்தவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. பத்துப் பதினைந்து வருட அனுபவம் இருந்தால் இரண்டு பக்கம். படிப்பவரிடம் இன்னும் நூறு தாள் கிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, மேலே பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஊர். இவை போதும். மதம், ஜாதி, திருமண நிலை, தகப்பனார் தொழில் இவையெல்லாம் தனியார் கம்பெனி வேலைக்கு வேண்டாம். ஆதார் எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் கூடவே கூடாது. அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரியும் பெயரை ஒட்டி இருக்கட்டும். நடிகர் பெயரில் வைத்திருந்தால் அதை நண்பர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, "லட்சியம்" என்ற பத்தியை எடுத்துவிட்டு, நீங்கள் யார், எந்த வேலை கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ராமானுஜன் முதல் வரியில் செய்தது அதுதான்.

நான்காவது, கடின உழைப்பாளி என்று எழுதாதீர்கள். உழைப்பைக் காட்டும் ஒரு காரியத்தை எழுதுங்கள், முடிந்தால் எண்ணோடு. எத்தனை, எவ்வளவு நாளில், முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆயிற்று. கல்லூரி பிராஜெக்ட் என்றால் தலைப்போடு நிறுத்தாமல், நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கு என்ன என்று சொல்லுங்கள்.

ஐந்தாவது, விளம்பரத்தைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். அவர்கள் கேட்கும் திறமை உங்களிடம் உண்மையாகவே இருந்தால், அவர்கள் பயன்படுத்திய அதே சொல்லால் அதை எழுதுங்கள். இப்போது பல பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களைச் சேர்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் இருக்கிறது. அது சொல்லைத்தான் தேடும். கட்டம், படம், வண்ணப் பட்டை என்று அலங்கரித்தால் சில சமயம் அந்த மென்பொருளுக்கு எழுத்தே தெரியாமல் போகும். சாதாரண எழுத்து, தெளிவான தலைப்புகள், பி.டி.எஃப். கோப்பு, கோப்பின் பெயரில் உங்கள் பெயர். இவ்வளவே போதும்.

ஆறாவது, அனுப்புவதற்கு முன் வேறொருவர் படிக்கட்டும். எழுதியவர் கண்ணுக்கு எழுத்துப் பிழை தெரியாது. தண்டவாளத்து விரிசலும் தினமும் அதே வழியில் நடக்கிறவனுக்குத் தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் அல்ட்ராசானிக் கருவி வைத்துச் சோதிக்கிறோம்.

இனிஷியல் என்ற தலைவலி

இது நம்மவர்களுக்கே உரிய பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். ஆனால் படிவங்களில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் கார்டில் தகப்பனார் பெயர் முழுசாக என்று மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் நேரத்தில் இது பெரிய தொந்தரவு. பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே பள்ளிப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, மற்ற ஆவணங்களை அதற்கு ஒத்ததாகச் செய்துவிடுவது பெற்றோர் கடமை. ரெஸ்யூமேயிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.

மறந்துபோன சொத்து

நான் பார்த்த நம் பிள்ளைகளின் ரெஸ்யூமேக்களில் "தெரிந்த மொழிகள்" என்ற இடத்தில் ஆங்கிலம், தமிழ் என்று இரண்டே இருக்கும். அந்தப் பெண்ணும் அப்படித்தான் எழுதியிருந்தாள். கேட்டால் கன்னடம் பள்ளியில் படித்திருக்கிறாள், எழுதப் படிக்கத் தெரியும். தங்கவயலில் தெலுங்கு பேசும் பக்கத்து வீடு. ஹிந்தியும் சமாளிப்பாள். ஐந்து மொழி! ஒரு தொழிற்சாலையில் பல மாநிலத்துத் தொழிலாளிகளோடு பழக வேண்டிய இடத்தில், ஆஸ்பத்திரி வரவேற்பில், வங்கிக் கிளையில் இதற்கு இருக்கும் மதிப்பு மற்ற ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காது. பேச மட்டும் தெரியும், எழுதவும் தெரியும் என்று பிரித்து உள்ளபடி எழுதுங்கள். இந்த ஊரில் வாழ வந்த நமக்குக் கன்னடம் சோறு போடும் மொழி. அதைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைதான்.

பொய் சொன்னால்

"எல்லாரும் போடறாங்க அங்கிள், ரெண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் காசுக்குக் கிடைக்குது" என்று சில பையன்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம், தம்பிகளே. வருங்கால வைப்பு நிதிக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே எண் என்ற முறை 2014 இல் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் வரிசையாக இருக்கும். பின்னணி விசாரிப்பவர்கள் அதைக் கேட்கிறார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், பெயரும் போகும்.

பொய்க்கும் அடக்கத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தேறினேன் என்றும் படித்தேன் என்றும் பிரித்து எழுதினாரே ராமானுஜன், அந்த வழி. அரியர் இருந்ததை ரெஸ்யூமேயில் தம்பட்டம் அடிக்க வேண்டாம். நேரில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. வேலை தருகிறோம், முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையான நிறுவனம் சம்பளம் கொடுக்கும், வாங்காது.

சர்க்கார் வேலை தனி ரகம்

மேலே சொன்னவை தனியாருக்கு. ரயில்வே தேர்வு வாரியம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது நம் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. அங்கே அவர்கள் கேட்ட கட்டத்தில் கேட்டபடி நிரப்ப வேண்டும். மெட்ரிகுலேஷன் சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி, ஜாதிச் சான்றிதழின் படிவம், புகைப்பட அளவு என ஒவ்வொன்றும் அறிவிப்பில் சொன்னபடி இருக்க வேண்டும். அறிவிப்பை முழுவதும் படிக்காமல் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை நிறுத்துங்கள். பிழை அவருடையதானாலும் வேலை போவது உங்களுக்குத்தான்.

திருவள்ளுவர் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரம் வைத்தார். இருபது குறளும் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. அவருடைய கண்ணால் நம் தாளை ஒரு தடவை படித்துப் பார்ப்பது நம் பக்கத்து வேலை.

அந்தப் பெண்ணின் தாள்

அன்று காலை முதல் மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்தோம். ஹார்டுவேர் கடையில் கணக்குதான் எழுதினாளா என்று துருவினேன். முந்நூறுக்கும் மேற்பட்ட சாமான்களை, போல்ட், நட்டு, பைப், பெயின்ட் என்று எல்லாவற்றையும் அளவு வாரியாகப் பட்டியல் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, எது தீரப் போகிறது என்று வாராவாரம் கடைக்காரரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். முன்பெல்லாம் இருக்கிற சரக்கையே மறுபடி வாங்கிக் கொண்டிருந்த கடைக்காரர் அதை நிறுத்தியிருக்கிறார். "ஒண்ணும் பண்ணலை" என்றாளே, அதுதான் இது!

அந்த மூன்று வருடத்துக்கு இரண்டு வரி எழுதினோம். குடும்பத்தில் நோயுற்றவரைக் கவனித்துக்கொண்ட காலம் என்பது ஒன்று. கடையில் செய்த காரியம், எண்ணிக்கையோடு, மற்றொன்று. அப்பாவைக் கவனித்ததை எழுதவா என்று தயங்கினாள். "எழுதும்மா. அது திருட்டு இல்லையே" என்றேன். கடைக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னேன். மிடில்மாஸ்ட் துரை கொடுத்த மாதிரி. அறுபது இடத்துக்கு ஒரே தாள் அனுப்பாமல், பீன்யா பக்கம் ஸ்டோர்ஸ் அல்லது தரப் பரிசோதனைப் பிரிவில் ஆள் கேட்ட இடமாகப் பார்த்து, இடத்துக்குத் தக்கபடி மாற்றி அனுப்பினாள்.

உடனே மாயம் நடந்துவிடவில்லை. ஒன்பது இடத்தில் இரண்டு இடம் கூப்பிட்டார்கள். முதல் இடத்தில் எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில், உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலை, நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் அந்தக் கடையைப் பற்றியே கேட்டார்களாம். ஸ்டோர்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். இப்போது நிரந்தரமாகிவிட்டது.

இதில் என் மனத்தில் நின்றது வேறு. புதிய தாளை அச்செடுத்துக்கொண்டு அன்று ஊருக்குப் போனாளே, அவள் அப்பா அதை வாங்கிப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது, தம் பெயரை மட்டும் அடையாளம் தெரியும். பழைய தாளில் "தகப்பனார் பெயர்" என்று தனி வரி இருந்தது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் தேடியிருக்கிறார். "ஏம்மா, என் பேரை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாராம்.

ஆதாரில் இருந்தபடி இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதியிருந்தோம். அந்தப் பெண் தாளின் தலைப்பைக் காட்டி, "கீழ தேடாதீங்கப்பா. மேல பாருங்க. என் பேரோட பெரிய எழுத்துல இருக்கீங்க" என்றாளாம்.

போனில் இதைச் சொன்னபோது எனக்குப் பேச வரவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தாள்களை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு வாருங்கள். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் இருப்பேன். ஒரு பென்சிலும் அழிரப்பரும் கொண்டு வந்தால் போதும். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லும் பிள்ளையாக இருந்தால் அவசியம் அழைத்து வாருங்கள்.